‘கண்’ என்றொரு கட்டம்

விளக்கை அணைச்சாச்சு. இனி இருபது நிமிஷம் சும்மா உக்காரணும். கண்ணு இருட்டுக்குப் பழகினப்புறம்தான் வால்வுல கை வைக்கணும்னு இந்த லேப்ல சட்டம் போட்டதே நான்தான். அதை நானே மீற முடியுமா? மீறினாலும் திரைக்கு அந்தப் பக்கம் வாயு அளக்கிற மீட்டர் முன்னால உக்காந்திருக்கிற எபனேசர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அந்த ஒண்ணும் சொல்லாத வாய்தான் எனக்குப் பிடிக்கல. மணி ரெண்டு பத்து. வெளிய பாளையங்கோட்டை வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ள ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடிச்சு, கதவு இடுக்குல சாக்கைத் திணிச்சு, நட்ட நடு மத்தியானத்தை இருட்டாக்கி வச்சிருக்கேன். முப்பத்தோரு வருஷமா இதே ஸ்டூல், இதே பம்பு சத்தம், டக டக டகன்னு, சூடேறின எண்ணெய் வாடை. இடது கால் மரத்துப்போகுது. மாத்தி உக்காந்தா ஸ்டூல் கிறீச்சுங்கும், அவருக்குக் கேக்கும், மேடம் நிலைகொள்ளாம இருக்காங்கன்னு நினைப்பார். நினைச்சுக்கிடட்டும். நிலைகொள்ளாமத்தான் இருக்கேன். நாலு மணிக்கு டைரக்டர் ரூம்ல கூட்டம். அவர் மேசை மேல ஒட்டின கவர் ஒண்ணு இருக்கு, அதுல நான் எழுதின கடிதம். பன்னெண்டு மணிக்கு நானே கொண்டுபோய் குடுத்தேன். குடுத்துட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன், தொண்டையில இறங்கல. எதுக்கு இறங்கல? தப்பு செஞ்சவருக்கு இறங்காம இருக்கணும், எனக்கு என்ன வந்துது?

கடிதத்துல நாலே வரி. எபனேசர் கொடுத்திருக்கிற அறிக்கையில நைட்ரஜன் அணுக்களோட அளவு உண்மையானது இல்ல, வேணும்னே கூட்டிக் காட்டப்பட்டிருக்கு, என் கண்ணால சோதிச்ச அளவு பதினெட்டுதான், அவர் எழுதியிருக்கிறது இருபத்துநாலு. இவ்வளவுதான். பொய் ஒண்ணும் இல்லையே. பதினெட்டுன்னா பதினெட்டு. ஆஸ்பத்திரியில வயித்துக்குள்ள விட்டுப் பாக்கிற ரப்பர் குழாய்ங்களை இந்த நைட்ரஜனால கிருமி போகச் சுத்தம் பண்ணலாம்னு ரெண்டு வருஷமா ஒரு திட்டம். அளவு இருபதைத் தாண்டினாத்தான் குழாய் சுத்தமாகும், தாண்டலேன்னா திட்டத்தை மூடிருவாங்க. மூடட்டுமே. நாளைக்கு எவனோ ஒருத்தன் வயித்துக்குள்ள கிருமியோட குழாய் போனா அப்ப யாரு பதில் சொல்லுவா? முந்தா நாள் கூட திட்டத்தைப் பாக்க வந்த கமிட்டிக்காரங்க கேட்டாங்க, அம்மா இத எப்படி அளக்கிய, எங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லுங்கன்னு. சொன்னேன். நைட்ரஜன் அணு எப்பவும் ஜோடியாத்தான் இருக்கும், மைக்ரோவேவால ஒரு அடி அடிச்சா ஜோடி பிரிஞ்சு தனித்தனியா நம்ம கண்ணாடிக் குழாய்க்குள்ள ஓடி வரும், ஓடி வரும்போது ஒண்ணோட ஒண்ணு திரும்பச் சேர்ந்துகிட்டு மினுங்கும், மாம்பழச் சாத்துல தண்ணி ஊத்தின நிறம், அடி நின்ன பிற்பாடும் மினுங்குறதால அதுக்குப் பேரு பின்னொளி. அந்தப் பின்னொளிக்குள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். ஒரு அணுவுக்கு ஒரு மூலக்கூறு, கணக்கா காலியாகும். விட விட மாம்பழ நிறம் ஊதாவாகும், ஊதா நீலமாகும், நீலம் மங்கி மங்கி ஒரு இடத்துல குழாய் சுத்தமா இருட்டாயிரும். அந்த இருட்டுத்தான் கணக்கு. அந்த நிமிஷம் எவ்வளவு வாயு போகுதோ அவ்வளவு அணு உள்ள இருக்குன்னு அர்த்தம். ஒரு இம்மி கூட விட்டாலும் குழாய் பச்சையாயிரும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல ஒரு நூல் அளவு இருட்டு. அதைப் பிடிக்கத்தான் இந்தக் கண்ணு.

நோட்டுல அதுக்குன்னே ஒரு கட்டம் போட்டிருக்கேன். தேதி, அழுத்தம், வாயு அளவு, கடைசியில ‘கண்’. யார் கண்ணால இருட்டைப் பாத்தாங்களோ அவங்க பேரு அந்தக் கட்டத்துல ஏறணும், ஏறலேன்னா அந்த எண்ணு இந்த லேப்ல எண்ணே இல்ல. பன்னெண்டு நோட்டு ஆயிருச்சு, எல்லாத்துலயும் கண்: கோமதி, கண்: கோமதி, கண்: கோமதி. வேற யாரையும் உக்கார விட்டதில்ல. உக்காருவாங்களா? ஏழு நிமிஷத்துல போனைத் தடவுவாங்க, வெளிச்சம் வந்துரும், எல்லாம் பாழு. எபனேசர் பன்னெண்டு வருஷமா என் கூட இருக்கார், எனக்குப் பதினேழு வயசு இளையவர், என்னை மாதிரியே டாக்டர் பட்டம் வாங்கினவர், ஒரு நாளும் நான் பாக்கட்டுமான்னு கேட்டதில்ல. அவருக்கு மெஷின் போதும். அந்த நீலத்தை ஒளிமானி வச்சு வரைபடமா இறக்குவார், கோடு வந்து பூஜ்யத்தைத் தொடும், தொடுற இடம் இருபத்துநாலு. போன மாசம் அறிக்கை கொடுத்தார், திருப்பிப் பாத்தா வரிசையா இருபத்துநாலு, இருபத்துமூணே முக்கால், இருபத்துநாலு, ‘கண்’ கட்டம் மட்டும் வெறுமையா. என் பேரை எழுதாம விட்டுட்டார்! கேட்டேன், ஏன் இப்படின்னு. “நீங்க பாத்தது பதினெட்டுல்லா மேடம், நான் எப்படி இருபத்துநாலுக்கு எதுக்க உங்க பேரை எழுதுதது”ன்னார். அப்ப உங்க பேரை எழுத வேண்டியதுதானேன்னு கேட்டேன். “நான் பாக்கலியே மேடம்”னார். எவ்வளவு பவ்யம்! கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் கேக் கொண்டு வந்து குடுக்கிற அதே பவ்யம். திட்டம் நிலைச்சா அவர்தான் அடுத்த தலைவர், நான் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. இருபதைத் தாண்டணும், தாண்ட வச்சுட்டார். இதுல புரியாம இருக்க என்ன இருக்கு? எத்தனை நிமிஷம் ஆச்சு? “எபனேசர், மணி?” “ரெண்டு பதினெட்டு மேடம்.” எட்டு நிமிஷம்தான் ஆயிருக்கா. சவம், நகர மாட்டேங்குது.

ஆனா அந்தப் பச்சை. அதை நினைக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன், திரும்பத் திரும்ப அங்கதான் வந்து நிக்குது. பதினெட்டுல இருட்டாகுது, சரி. அப்படின்னா பத்தொம்பதுல பச்சை வரணும்ல? வர மாட்டேங்குது. இருபது, இருட்டு. இருபத்திரண்டு, இருட்டு. இருபத்தஞ்சை நெருங்கினாத்தான் பச்சை. நூல் அளவு இருட்டுன்னு கமிட்டிக்காரன்கிட்ட வாய் கூசாமச் சொன்னேனே, என் குழாய்ல ஒரு முழத்துக்கு இருட்டு கிடக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால நூல்தான். அப்புறம் நூல் கயிறாச்சு. கண்ணாடி அழுக்காயிருக்கும்னு குழாயைக் கழட்டி அமிலத்துல ஊறப் போட்டுக் கழுவினேன், குறையல. சிலிண்டர்ல வாயு கெட்டுப்போயிருக்கும்னு சிலிண்டரை மாத்தினேன், குறையல. பம்பு எண்ணெயை மாத்தினேன், எங்கயோ காத்து கசியுதுன்னு ஒவ்வொரு இணைப்பா முறுக்கிப் பாத்தேன். அப்புறம் மாத்துறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, மனுஷன்தான் மிச்சம். அவர் மீட்டர்ல ஏதோ செஞ்சிருக்கார்னு முடிவு பண்ணினேன். முடிவு பண்ணின அன்னைக்கு எவ்வளவு நிம்மதியாத் தூங்கினேன். அதை இப்ப நினைச்சா ஏன் முதுகு கூசுது? மீட்டரும் சரியாத்தான் இருந்துது, போன வாரம் வேற மீட்டர் வச்சும் பாத்தாச்சு. அதைக் கடிதத்துல எழுதலியே கோமதி. எழுதலாம்னு இருந்தேன், இடம் இல்ல. நாலு வரி எழுதின தாள்ல இடம் இல்லையாம்.

அஞ்சாவது வரிக்கு என்னத்த எழுதியிருப்பேன்? தங்கச்சி வடிவு ஜவுளிக்கடையில வச்சு மானத்தை வாங்கினா, அது ஏன் இப்ப வருது? கறுப்புல ரவிக்கைத் துணி கேட்டேன், கடைக்காரப் பையன் நாலு பீஸை விரிச்சான், நான் ஒண்ணை எடுத்தேன். “அக்கா அது கருநீலம்”னா வடிவு. கறுப்புதான்டின்னேன். “ஏய், நல்லா நீலமா இருக்கு, உனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு”ன்னு கடையே திரும்பிப் பாக்கிற மாதிரி சிரிச்சா. கடையில டியூப் லைட் சரியில்லன்னேன். வீட்டுல வந்து வெயில்ல பாத்தப்பவும் கறுப்பாத்தான் இருந்துது, வடிவுகிட்ட சொல்லல, போட்டுக்கிட்டேன், இப்பவும் அதுதான் போட்டிருக்கேன். ஆபீஸ்ல நீலப் பேனா கேட்டா கறுப்புப் பேனா குடுக்காங்கன்னு ஸ்டோர்ல சண்டை போட்டேன். ஸ்டோர்ல இருக்கிற பிள்ளை முழிச்சுது, மேடம் நீலம்தான் மேடம்னுது, எனக்கா பாடம் எடுக்கிறன்னு பேனாவை மேசையில வீசிட்டு வந்தேன். சாயங்காலம் வண்ணார்பேட்டை பாலத்துல வர்ற வண்டி விளக்கெல்லாம் சுத்தி வட்டம் வட்டமா விரியுது, இப்ப புதுசா என்னமோ லைட்டு போடுதான், கண்ணு கூசுதுன்னு டிரைவர்கிட்ட சொன்னேன். எனக்கு ஒண்ணும் கூசலியே அம்மான்னார். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்துது. அம்மா கடைசி ஆறு வருஷம் சுவரைத் தடவித்தான் நடந்தா. கண்புரை ஆபரேஷனுக்குப் பயந்து பயந்து நாளைத் தள்ளிக்கிட்டே போனா. முதல்ல என்ன சொன்னா அம்மா? இந்த வெள்ளை வேட்டியெல்லாம் ஏன் பழுப்பாத் துவைக்கியன்னு வண்ணாரைத் திட்டினா. வண்ணாரைத் திட்டினா. ஐயோ. கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை வயசானா மஞ்சளாப் பழுக்கும், மஞ்சள் கண்ணாடி முதல்ல எதைத் தடுக்கும்? கோமதி, நீ முப்பத்தோரு வருஷமா நிறக் கண்ணாடி வடிகட்டி வச்சு வேலை பாக்கிறவ. நீலத்தை. நீலத்தைத்தான் தடுக்கும். பச்சையை விட்டுரும். அட போ, கற்பனை. கண்ணு நல்லாத்தான் இருக்கு, பேப்பர் படிக்கேன், ஊசியில நூல் கோக்கேன்.

“மேடம், இருபது நிமிஷம் ஆச்சு.” குழாய் மேல போர்த்தின துணியை எடுத்தேன். அந்தா, மாம்பழ நிறம், ரெண்டு முழ நீளத்துக்கு அசையாமக் கிடக்கு. இதைப் பாத்தா எப்பவும் நெஞ்சு லேசாகும், இன்னைக்கு ஆகல. வால்வைத் திறந்தேன். “எண்ணு சொல்லுங்க.” “மூணு… ஆறு… எட்டு மேடம்.” மஞ்சள் போய் மங்கலா ஒரு ஊதா வந்துது. முன்னால இந்த ஊதா கத்தும், நம்ம பிள்ளையார் கோயில் சீரியல் லைட்டு மாதிரி இருக்கும், இப்ப என்ன இது, புகை மாதிரி. “பன்னெண்டு… பதினாலு… பதினாறு.” மங்குது. “பதினேழு.” கரையுது. “பதினெட்டு மேடம்.” இருட்டு. பம்பு சத்தம் மட்டும். “எழுதிக்கோங்க, பதினெட்டு”ன்னேன். பேனா சத்தம் கேக்கல. “எழுதியாச்சா?” திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்துது. “மேடம், ஒரு தடவை நான் பாக்கட்டுமா?”ன்னார் எபனேசர். பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை. வேண்டாம்னு சொல்ல வாய் வந்துது. உங்க கண்ணு பழகலியேன்னேன். “நானும் லைட்டை அணைச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன் மேடம். மீட்டர் எண்ணு சிவப்புல்லா, அது கண்ணைக் கெடுக்காது. இருபது நிமிஷமும் நானும் இருட்டுலதான் இருந்தேன்.” வாங்கன்னேன். வேற என்ன சொல்ல?

திரை விலகிச்சு, மூடிச்சு. பக்கத்துல வந்து நிக்கிறார், மூச்சு கேக்குது, சட்டையில கஞ்சி போட்ட வாடை. “என்ன தெரியுது?”ன்னேன். “நீலமா இருக்கு மேடம்.” “எங்க?” “குழாய் முழுசும்.” பாக்கேன். கண்ணை அகல விரிச்சுப் பாக்கேன். இருட்டு. குழாய் எங்க முடியுது சுவர் எங்க தொடங்குதுன்னு தெரியாத இருட்டு. பொய் சொல்லுதார். இருபத்துநாலைக் காப்பாத்த என் காதுபடப் பொய் சொல்லுதார், இப்பவே கையும் களவுமாப் பிடிக்கேன் பாருன்னு நினைச்சேன். “எபனேசர், மீட்டர் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கு. எண்ணு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. நான் வால்வைக் கூட்டுவேன், குறைப்பேன். நீலம் போற இடத்துல போச்சுன்னு சொல்லணும், வந்தா வந்துதுன்னு சொல்லணும்.” “சரி மேடம்.” கூட்டினேன். “இருக்கு… இருக்கு… மங்குது… போச்சு.” சரேல்னு குறைச்சேன். “வந்துட்டு.” பின்னாலயே திருப்பினேன். “மங்குது… போச்சு.” மூணு தடவை ஏமாத்திப் பாத்தேன், கூட்டுதேன்னு சொல்லிட்டு கூட்டாம விட்டேன். “அப்படியேதான் இருக்கு மேடம்”னார். பாவி மனுஷன், ஒரு தடவை கூட தடுமாறல. கடைசியா அவர் போச்சுன்னு சொன்ன இடத்துல நிறுத்தி, அதுக்கு மேல ஒரு மயிரிழை, ஒரே மயிரிழை கூட்டினேன். பச்சை வந்துது. எனக்கும் வந்துது. ரெண்டு முழக் குழாய் பூரா பளிச்சுன்னு பச்சை, குருத்து வாழையிலை மாதிரி. அந்தப் பச்சையில அவர் முகம் தெரிஞ்சுது, அவர் குழாயைப் பாக்கல, என்னைப் பாத்துக்கிட்டிருந்தார். நூல் அளவு இருட்டு அப்படியேதான் இருக்கு, அவருக்கு. வால்வை ஒரு மயிரிழை பின்னால திருப்பிட்டு நான் எழுந்தேன். கால் மரத்திருந்துது, தடுமாறினேன், கையைப் பிடிச்சார். திரையை விலக்கிப் போய் மீட்டரைக் குனிஞ்சு பாத்தேன். சிவப்பு எண்ணு. இருபத்துநாலு.

லைட்டைப் போட்டேன். கண்ணு கூசிச்சு, விளக்கைச் சுத்தி வட்டம். மணி மூணு ஆகப்போகுது. எங்க தொடங்குறதுன்னு தெரியல. சுத்தி வளைச்சுப் பேசிப் பழக்கமும் இல்ல. “எபனேசர், நாலு மணிக்கு டைரக்டர் ஒரு கவரைப் பிரிப்பார். அது நான் எழுதின கடிதம். உங்களைப் பத்தி. நீங்க எண்ணைத் திருத்தினியன்னு எழுதியிருக்கேன்.” அவர் மேசை மேல கிடந்த பேனா மூடியைத் திருப்பித் திருப்பி வச்சார். “தெரியும் மேடம்”னார். “காலையிலேயே உங்க மேசையில டைப் பண்ணின தாள் கிடந்துது. நோட்டை எடுக்க வந்தப்ப கண்ணுல பட்டுட்டு.” காலையில இருந்தே தெரியுமாம். தெரிஞ்சுக்கிட்டுத்தான் மத்தியானம் பம்பு போட்டார், திரை இழுத்தார், இருபது நிமிஷம் இருட்டுல எனக்கு மணி சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது, கோவமும் கூடவே வந்துது. “தெரிஞ்சும் எதுக்கு வந்திய? என் மூஞ்சியில நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டியதுதானே?” “கேக்கணும்னுதான் வந்தேன். வயிறு எரிஞ்சுதுதான், இல்லன்னு சொல்லல”ன்னார். “ஆனா கண்ணால பாக்காம இங்க எழுதக் கூடாதுல்லா மேடம். பாக்காம நான் என்னன்னு சண்டை போட?”

அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான். பாக்காம எழுதினதும் நான்தான், அதுவும் ஒரு மனுஷனைப் பத்தி, நாலு வரி, கவர்ல ஒட்டி. மன்னிப்புக் கேட்டேன். அழகா ஒண்ணும் கேக்கல, “தப்பு பண்ணிட்டேன் தம்பி, என் கண்ணுதான் போயிருக்கு, உங்க மேல பழியைப் போட்டுட்டேன்”னு சொன்னேன். அவர் சரி பரவாயில்லன்னு சொல்லல. சொல்லாததுதான் நியாயம். “டாக்டரைப் பாருங்க மேடம், சின்ன ஆபரேஷன்தான்”னார், தரையைப் பாத்துக்கிட்டு. பாக்கேன்னேன். வில்லையை மாத்தினா நீலம் திரும்பி வரும். இந்த ரெண்டு வருஷத்துல நான் பதினெட்டுன்னு அடிச்சுத் தள்ளின ஒவ்வொரு பக்கத்தையும் திரும்ப அளக்கணும், அதை டைரக்டர் முன்னால, கமிட்டி முன்னால நானே சொல்லணும், கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னால சொல்லணும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நோட்டை இழுத்தேன். தேதி எழுதினேன், அழுத்தம் எழுதினேன், இருபத்துநாலுன்னு எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை தன்னால ‘கோ’ன்னு கொம்பைப் போடப் போச்சு, நிறுத்தி பேனாவைக் கீழ வச்சேன். மேசையில ரெண்டு பேனா கிடந்துது, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. வேற யாரோ வந்து திருத்தின மாதிரி இருக்கக் கூடாது, ஒரே மையில இருக்கணும். “தம்பி, நான் இப்ப எழுதினது எந்தப் பேனா, நீலமா கறுப்பா?” அவர் குனிஞ்சு பாத்தார். “நீலம் மேடம்”னு எடுத்துக் கையில குடுத்தார். கண்: எபனேசர்னு எழுதிட்டு, நோட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வாங்க டைரக்டர் ரூமுக்குப் போவோம்னேன்.